என் பிள்ளைக்கு அப்பாத்துரை என்று பேர் விழுந்த விதம்

பாளையங்கோட்டை,
1911-ஆம் வருஷம், ஆனி மாதம்.

தூத்துக்குடியில் தோணிகள் வைத்து நடத்துகிறவரும், என் மனைவி அமலோற்பவத்தின் தகப்பனாரும், அந்த முறையில் எனக்கு மாமனாருமாகிய மகா கனம் பொருந்திய சிலுவை பர்னாந்து அவர்கள் சமுகத்துக்கு, பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வாத்தியாரும், தாங்கள் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் தங்கள் மருமகனுமாகிய ஜெபசீலன் அநேக தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும், தங்கள் குமாரத்தியும், தங்கள் பேரனும், என் தாயார் சாரம்மாளும் கர்த்தர் கிருபையால் க்ஷேமம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் தங்கள் குமாரத்தி ஞாயிற்றுக்கிழமை முதல் சரியாகச் சாப்பிடவில்லை, என் தாயார் என்னோடு பேசவில்லை, நான் பள்ளிக்கூடத்தில் நாலும் மூன்றும் எட்டு என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஆகையால் பிள்ளை ஒருவன்தான் க்ஷேமம். அவ்விடத்தில் தங்கள் க்ஷேமத்தையும் தோணிகளின் க்ஷேமத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

இந்தக் காகிதம் தலையில்லாமல் முண்டமாக இருப்பதைப் பார்த்துத் தங்களை மதியாமல் கிழிந்த தாளில் எழுதிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். தங்கள் கத்தோலிக்கப் பக்கத்து வழக்கப்படி மேலே "சேசு மரி சூசை" என்று முத்து முத்தாக எழுதித்தான் ஆரம்பித்தேன். என் தாயார் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "ஏலே, இது யாரு கடுதாசி? நீ எப்ப அந்தக் கோயில்ல சேந்த?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசின பேச்சு அது ஒன்றுதான். அதனால் அந்த வரியை மட்டும் கிழித்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தாங்கள் நேரில் வந்தால் காட்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் ரயிலேறி இவ்வளவு தூரம் வந்து, எங்கள் புரொட்டஸ்டாண்டுக் கோவிலுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, எங்கள் போதகராகிய ஐயர் பிள்ளைக்குப் பேர் சொன்னதைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளை முகத்தைக்கூடப் பாராமல், பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டீர்கள். தங்களை அவமானப்படுத்த வேண்டும் என்றே நான் அந்தப் பேரை வைத்தேன் என்று தாங்கள் தோணித்துறையில் நாலு பேர் கேட்கச் சொன்னதாகத் தங்கள் மகன் தொம்மை மச்சான் சொல்லியனுப்பினார். மாமா, சத்தியமாகச் சொல்கிறேன், நடந்தது அது இல்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாய்ப் படித்துவிட்டு, பிறகும் கோபம் வந்தால் கோபப்படுங்கள்.

பிள்ளை பிறந்த சேதி கேட்டதும் தாங்கள் தொம்மை மச்சானிடம் சொல்லியனுப்பினது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "எங்க கோயில்ல இருக்க பேரா வைக்கச் சொல்லு. வாய் நிறையக் கூப்பிடணும். அப்படி வச்சா நானே வந்து பாக்குதேன். இல்லைன்னா எனக்கு மகளும் இல்லை, பேரனும் இல்லை, சொல்லிரு." இதைக் கேட்ட என் தாயார், "அவுக கோயில் பேரு அவுக கோயிலுக்கு. என் பேரனுக்கு நம்ம ஐயரு வாயால சொல்லுத பேருதான் வைக்கணும். என் வீட்டுக்காரவுக இந்த ஊர்ல உபதேசியாரா இருந்தவுக, அதை மறந்திராத" என்றார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்.

நான் வாத்தியார். பேர் என்ன பெரிய காரியமா, நம்முடைய அப்போஸ்தலர்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுதானே என்று நினைத்துப் பவுல் என்றேன். தாயாருக்குச் சந்தோஷம். தொம்மை மச்சான் தலையைச் சொறிந்தார். "பவுலா? அது யாரு மச்சான்? அப்பாகிட்டப் போய்ச் சொன்னா, எந்த ஊர்க்காரன், என்ன தொழில் பாக்குதான்னு கேப்பாக." உங்கள் சின்னப்பர்தான் எங்கள் பவுல் என்று விளக்கினேன். "அட, சின்னப்பரா! அப்பச் சின்னப்பன்னே வையுங்க, சோலி முடிஞ்சது" என்றார். உள்ளேயிருந்து என் தாயார், "ஏன், பச்சைப் பிள்ளையை ஊரே சித்தப்பாங்கவா?" என்று ஒரு சத்தம் போட்டார்கள். சரி, பேதுரு என்றேன். அவர் உங்கள் பக்கத்தில் இராயப்பர். யோவான் என்றேன். அவர் அருளப்பர். யாக்கோபு என்றேன். அவர் சந்தியாகு. ஒரே ஆசாமிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு பேர், தூத்துக்குடியில் ஒரு பேர்! பரலோகத்தில் இவர்களை எந்தப் பேரால் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

தாவீது என்ற பேர் இரண்டு பக்கத்திலும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, பெரிய புதையல் எடுத்தவன் மாதிரி துள்ளினேன். மச்சான் யோசித்துப் பார்த்து, "பேரு நல்ல பேருதான். ஆனா அவருக்குத் திருநாள் கிடையாதே மச்சான். திருநாள் இல்லாத பேருக்கு அப்பா எங்கன தேர் இழுப்பாக, யாருக்குச் சோறு போடுவாக?" என்றார். அதுவும் போயிற்று. என் தாயார் விடவில்லை, மெல்கிசேதேக்கு என்றார்கள். மச்சான் அதைச் சொல்லிப் பார்க்கப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தபிறகு, "அத்தே, இந்தப் பேரைத் தோணியில நின்னு கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள பையன் தண்ணிக்குள்ள போயிருவானே" என்றார். அன்றைக்கு அவருக்கு எங்கள் வீட்டில் காப்பி கிடைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு ஒரு வெளிச்சம் உண்டாயிற்று. என் தகப்பனார், காலஞ்சென்ற பெரிய உபதேசியார், அவர்கள் பேர் தேவசகாயம். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேர் வைப்பது ஊர் வழக்கம். எங்கள் கோவிலில் அந்தப் பேர் உண்டு. உங்கள் பக்கத்தில் உண்டா என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். "தேவசகாயமா! எங்க தெருவுல கல்லெறிஞ்சா ஏதாவது ஒரு தேவசகாயம் மேலதான விழும்!" என்று மச்சான் என்னைக் கட்டிக்கொண்டார். என் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுகளே வந்து பொறந்திருக்காக, வேற என்ன பேரு வைக்க?" என்றார்கள். தாங்களும் சரி என்று சொல்லியனுப்பி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் வாக்குக் கொடுத்தீர்கள். அந்த வாரம் முழுதும் நான் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனையும் அடிக்கவில்லை. இரண்டு சபைகளுக்கும் நடுவில் சமாதானம் பண்ணி வைத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

எல்லாம் யோசித்தேன் மாமா. இந்தப் பேரைப் பெண்பிள்ளைகள் யாராவது வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று மட்டும் யோசிக்கவில்லை. புருஷன் பேரையும் மாமனார் பேரையும் பெண்கள் சொல்லுவதில்லை. அது உங்கள் தெருவிலும் அப்படித்தான், எங்கள் தெருவிலும் அப்படித்தான், அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கோவிலும் ஒன்று. தேவசகாயம் என் தாயாருக்குப் புருஷன் பேர். கோவில் பாட்டில் "சகாயம்" என்று வருகிற இடத்தில்கூட அவர்கள் வாயை மூடிக்கொண்டு ராகத்தை மாத்திரம் மூக்கால் விடுவார்கள். தங்கள் குமாரத்திக்கு அது மாமனார் பேர். பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கச் சம்மதித்த என் அண்ணன் மனைவி பாக்கியவதி மதினிக்கும் மாமனார் பேர். ஆக, இரண்டு சபைக்கும் பொருந்துகிற பேரைத் தேடி எடுத்தேன், அது என் வீட்டுக்குள்ளேயே மூன்று வாய்க்குப் பொருந்தவில்லை. வாத்தியார் மூளை!

அதனால் என்ன, ஞானஸ்நானத்தில் ஆண்பிள்ளைகள் யாராவது சொல்லிவிட்டால் ஆயிற்று, வீட்டில் 'தம்பி' என்று கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் கோவிலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற ஐயருக்கு ஒரு வைராக்கியம். பெண்கள் புருஷன் பேரைச் சொல்லாமலிருப்பது அஞ்ஞான காலத்து வழக்கம், அதை வேரோடு பிடுங்காமல் இந்த ஊரை விட்டுப் போவதில்லை என்று வந்த நாள் முதலாய்ப் பிரசங்கம் பண்ணுகிறார். பெண்களெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். வீட்டுக்கு வந்து "ஏங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பிள்ளையின் ஞானஸ்நானத்தைத்தான் அவர் அந்த வேரைப் பிடுங்குகிற நாளாகக் குறித்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

ஞானஸ்நானத் தொட்டியண்டை மதினி பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஞானத்தகப்பனாக என் அண்ணன் இஸ்ரவேல். நான் ஒரு கண்ணை ஐயர்மேலும் ஒரு கண்ணை வாசல் வழியாகத் தங்கள் மேலும் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "இந்தப் பிள்ளைக்குப் பேர் சொல்லும்" என்று ஐயர் மதினியைப் பார்த்துச் சொன்னார். மதினிக்கு முகம் வெளிறிப்போயிற்று. "மாமா பேருதான் ஐயரே" என்றாள். "மாமா என்பது உறவு அம்மா, பேர் அல்ல." "பெரிய உபதேசியாரு பேரு." "அது உத்தியோகம்." "இவுகளைப் பெத்தவுக பேரு" என்று முழங்கையால் அண்ணனைக் காட்டினாள். அண்ணன் வாயைத் திறந்தான். "நீர் பேசவேண்டாம், இஸ்ரவேலே! ஞானத்தாய்தான் சொல்லவேண்டும். இன்றைக்கு இந்தச் சபையில் ஒரு கட்டு அறுந்தாக வேண்டும்" என்று ஐயர் கையை உயர்த்தினார். நான் மெதுவாய், "ஐயரே, தே" என்றேன். அவ்வளவுதான். "உபாத்தியாரே, இன்னொரு எழுத்து உம்முடைய வாயிலிருந்து வந்தால் ஞானஸ்நானத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பேன்" என்றார். அடுத்த மாதம் என்றால் தாங்கள் வருவீர்களா மாமா? அந்த வேப்பமரத்தடிக்குத் தங்களை வரவழைக்க நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! ஆகையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தியிருக்கக் கூடாது. இப்போது தெரிகிறது.

அதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரே சலசலப்பு. என் தாயார் எழுந்து நின்று, "ஐயரே, அவுக பேரு இந்த ஊருக்கே தெரியும். அன்னா கல்லறையில வெட்டிக் கெடக்கு. நீங்க போய்ப் பாத்துட்டுப் பைய வாங்க, நாங்க இங்கன நிக்கோம்" என்றார்கள். ஐயர் அவர்கள் பக்கம் திரும்பி, "அப்படியானால் நீரே சொல்லும் அம்மா. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டாரே, இனி என்ன தடை?" என்றார். "அவுக கூட இருந்தப்பச் சொல்லாத வாயி, அவுக போனப்பொறவா சொல்லும்?" என்று கேட்டார்கள் என் தாயார். ஆனால் அவர்கள் அதோடு உட்காரவில்லை. உதவி செய்வதாக நினைத்து விரலால் மேலே காட்டினார்கள். தேவனாம். பிறகு பக்கத்திலிருந்த ஹெப்சிபா அக்காளின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்கள். சகாயமாம். ஹெப்சிபா அக்காள் கனத்த சரீரம், பாதியில் விட்டதும் பொத்தென்று உட்கார்ந்தாள். இதைப் பார்த்து அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் மேலே விரலைக் காட்டுகிறார்கள். ஐயர் மேலே கூரையைப் பார்க்கிறார். "பரலோகராஜா?" என்கிறார். இல்லை என்று அத்தனை தலையும் ஆடுகிறது. "உன்னதசிங்கா?" மறுபடியும் ஆடுகிறது. பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறான். வெளியே தாங்கள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நிற்கிறீர்கள்.

கடைசியில் ஐயர், மதினிக்குத் தைரியம் கொடுக்கிறதாக எண்ணிக்கொண்டு, "அம்மா, பயப்படாதேயும். கண்ணை மூடிக்கொள்ளும். உம்முடைய வாய் திறக்கட்டும். ஒரே ஒரு ஆண்பிள்ளைப் பேர், பலமாகச் சொல்லும்!" என்றார். மதினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஆண்பிள்ளைப் பேர் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. சின்ன வயசிலிருந்து வைது வைது பழகின அவள் தம்பி பேர். "அப்பாத்துரை!" என்று கோவில் அதிரக் கத்திவிட்டாள். கட்டு அறுந்துவிட்டது என்கிற ஆனந்தத்தில் ஐயர் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை, "அப்பாத்துரை! பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று அள்ளி அள்ளித் தண்ணீரை ஊற்றிவிட்டார். "ஐயையோ!" என்று அண்ணன் கத்தினதற்கு, ஜனங்கள் பழக்கத்தில் "ஆமென்" என்று சொன்னார்கள்.

அப்பாத்துரை யார் என்று தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தூத்துக்குடிப் பஞ்சு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, தங்கள் வீட்டுப் படியேறி எனக்குப் பெண் கேட்டவன் அவன்தான். தாங்கள் முடியாது என்று துரத்தினபிறகு, தங்கள் குமாரத்தியை ரயிலேற்றி எங்கள் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தவனும் அவன்தான். அன்று முதல் தாங்கள் வீட்டு நாயை வைகிறதானாலும் அவன் பேரைச் சொல்லியே வைகிறதாக மச்சான் சொல்லியிருக்கிறார். அத்தனை பேர் உலகத்தில் இருக்க, தங்கள் பேரன் தலையில் அந்தப் பேர்தானா விழவேண்டும்! தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் துண்டை உதறியிருப்பேன்.

நான் வாசலுக்கு ஓடிவந்தபோது மரத்தடியில் தாங்கள் கொண்டுவந்த கருவாட்டுக் கூடை மட்டும் இருந்தது. பின்னாலேயே ஓடினேன். "மாமா! மாமா!" என்று கத்தினேன். தெருவில் போன யார் யாரோ மாமாமார்கள் திரும்பிப் பார்த்தார்கள், தாங்கள் திரும்பவில்லை. தோணிக்காரர்களுக்கு எட்டு வைத்து நடக்கிற நடை. எனக்குக் கோவிலுக்குக் கட்டின பட்டுக்கரை வேட்டி காலைத் தட்டுகிறது. தாங்கள் பாலத்தண்டை இருக்கிற ரயில் ஸ்டேஷனுக்கு வண்டி பிடித்துப் போய்விட்டீர்கள்.

அன்று சாயங்காலமே ஐயரிடம் போய்ப் பேரை மாற்றித் தரும்படி மன்றாடினேன். "ஞானஸ்நானம் என்ன சட்டையா உபாத்தியாரே, பொருந்தவில்லை என்று கழற்றிப் போட? ஒருதரம் கொடுத்தது கொடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டார். மதினி, "சம்பந்தக்காரவுக மூஞ்சியில இனி எப்படி முழிப்பேன்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கிறாள். இந்த அப்பாத்துரைப் பயலோ, சேதி கேட்டதும் ஒரு பொட்டலம் கற்கண்டோடு வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தீரா வே, என்னை யாரும் மதிக்கல, கோயில் மதிச்சிட்டு!" என்கிறான். கொடுமை என்னவென்றால், இந்தப் பேரை வீட்டிலும் தெருவிலும் யார் வேண்டுமானாலும் தாராளமாகச் சொல்லலாம். என் தாயார், "ஏலே அப்பாத்துரை, ஏன்லே அழுத?" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். தங்கள் ஒருவருக்குத்தான் அந்தப் பேர் ஆகாது. கருவாட்டையும் என் தாயார் சமைக்க விடவில்லை. "கொண்டுவந்தவுக வந்து உக்காந்து சாப்பிடட்டும், பொறவு நாம தின்போம்" என்று உறியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்தத் தெருவுப் பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கின்றன.

மாமா, இவ்வளவும் சிரிக்கிற மாதிரி எழுதிவிட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாயில்லாப் பிள்ளையைத் தாங்கள் ஒருவராக இருந்து, தலைவாரிப் பூவைத்து வளர்த்தீர்கள். அவள் என்னை நம்பித்தான் வீட்டைவிட்டு வந்தாள். வந்த நாள் முதல் ஒருநாள்கூட "எங்க அப்பாவைப் பாக்கணும்" என்று என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வேதனையில்லை. தான் பெற்ற பிள்ளையைத் தன் அப்பா மடியில் ஒருதரம் போடவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை என்பது அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அத்தனை அப்போஸ்தலர்களையும் நான் தெருவில் இழுத்தேன். கோபம் என்மேலே இருக்கட்டும், என்னை மரத்தடியில் நிறுத்தி வைத்து நாலு சாத்துச் சாத்துங்கள். அவளைப் பாராமல் இருக்கவேண்டாம். பிள்ளையைத் தாங்கள் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பான். இந்த வயசில் காக்கை கத்தினாலும் திரும்பித்தான் பார்க்கிறான். சின்னப்பன் என்று கூப்பிடுங்கள், சந்தியாகு என்று கூப்பிடுங்கள். என் தாயாரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தொம்மை மச்சானுக்கு என் அன்பு. அவர் நாக்குப் புண் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் தோணிகளுக்குக் காற்று அனுகூலமாக அடிக்கவும், தங்கள் மனசுக்குள்ளும் அதில் கொஞ்சம் அடிக்கவும் கர்த்தரை வேண்டிக்கொண்டு,

இப்படிக்கு,
தங்கள் வாசலில் இன்னும் ஏறாத மருமகன்,
தே. ஜெபசீலன்.

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். படிக்கவில்லை என்றால் படிக்கவேண்டாம். ஒன்றும் செல்லாது.

காகிதத்தை மடிக்கப் போகும்போது அமலோற்பவம் வந்து, அப்பாவுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள், வாசியுங்கள் என்றாள். வாசித்தேன். ஹெப்சிபா அக்காள் விழுந்த இடத்தில் சிரித்தாள். தலைவாரிப் பூவைத்த இடத்தில் அழுதாள். பிறகு கதவை ஒருக்களித்துவிட்டு, "அவனுக்கு ஞாயித்துக்கெழமையா பேரு வச்சாக? அவனுக்குப் பொறந்த அன்னைக்கே பேரு வச்சாச்சு" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னாள். பிள்ளை பிறந்தபோது அழவில்லையாம். உடம்பெல்லாம் நீலம் பாரித்துத் துணி மாதிரி கிடந்தானாம். பேறு பார்த்த மருத்துவச்சி லூசி உங்கள் சபைக்காரி. உயிருக்கு மோசம் என்றால் சாமியார் வருகிறவரைக்கும் காத்திராமல் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று உங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டாமே. அவள் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு பேரு சொல்லு தாயி, சீக்கிரம் சொல்லு" என்றாளாம்.

"யோசிக்க எங்க நேரம்? எங்க அப்பா பேருதான் வாயில வந்தது" என்றாள் தங்கள் மகள்.

சிலுவை என்று பேர் சொல்லி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று உங்கள் பக்கத்து மூன்று நாமத்தையும் கூட்டி, லூசி பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றினதும், பயல் வீறிட்டு ஒரு சத்தம் போட்டானாம். அந்தச் சத்தத்தை நான் முற்றத்தில் இருந்து கேட்டேன் மாமா. கேட்டதும் மண்ணில் முழங்கால் போட்டவன் எழுந்திருக்கவே வெகுநேரம் ஆயிற்று.

இத்தனை நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா எங்க அப்பா அந்தப் பேருக்காக வந்திருப்பாக. எனக்காக வரட்டும்னு இருந்தேன். ஞாயித்துக்கெழமை சன்னல் வழியாப் பாத்தேன். வேட்டி புதுசு, மடிப்புக்கூடக் கலையல. கழுத்தை நீட்டி நீட்டி உள்ள பாத்தாக, பிள்ளையை இல்ல, நான் எங்கன இருக்கேன்னு தேடுனாக. என் வீம்பு அன்னைக்கே போச்சு. எழுதுங்க" என்றாள். ஒருதரம் ஞானஸ்நானம் ஆன பிள்ளைக்கு மறுபடியும் ஊற்ற விட்டாயே, பாவமில்லையா என்றேன். "பாவந்தான். பச்சைத் தண்ணிதான, பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதுன்னு விட்டுட்டேன்" என்கிறாள்.

உடனே ஐயரிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றினார்களா, மூன்று நாமமும் சொன்னார்களா என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்படியானால் அந்த ஸ்திரீ கொடுத்ததுதான் ஞானஸ்நானம். ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கிறேன்" என்றார். என் தாயாரிடம் சொன்னபோது "சிலுவை" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார்கள். "சம்பந்தி பேருதான, சொல்லலாம்" என்று தொட்டிலண்டை போய்விட்டார்கள். அப்பாத்துரை மட்டும் கற்கண்டைத் திருப்பிக் கேட்கிறான்.

மாமா, தங்கள் பேரன் இந்த உலகத்தில் முதல்முதல் காதில் கேட்டது தங்கள் பேரைத்தான். கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. இதை எழுதும்போதும் அழுதுகொண்டுதான் இருக்கிறான். நாங்கள் யார் தூக்கினாலும் நிறுத்தமாட்டேன் என்கிறான். தாங்கள் வந்து தூக்கிப் பாருங்கள்.